மேஜை விரிப்பு வழியே தெரிந்த ஊர்

ஜூன் 4

தம்பிக்கு,

நீ உயிரோடு இருக்கிறாய் என்பதை ரொட்டிக்காரர் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. "நல்லாத்தான் இருக்காரு, கொஞ்சம் இளைச்சிட்டாரு" என்றார். விமான தளத்துக்கு ரொட்டி கொண்டுபோகிற மனுஷனுக்குத் தெரிகிற சேதி கூடப் பிறந்தவளுக்குத் தெரியவில்லை. உங்கள் போன்களையெல்லாம் வாசலிலேயே வாங்கிப் பூட்டிவிட்டார்களாம், எதிரி ஒட்டுக்கேட்கிறானாம். சரி. தபாலில் போட்டால் உங்கள் அதிகாரி பிரித்துப் படித்து, பாதியை மை பூசி அழித்துவிட்டுத்தான் கொடுப்பாராம். அதுவும் சரி. அதனால் இதை ரொட்டிக் கூடைக்கு அடியில் வைத்து அனுப்புகிறேன். மாவு ஒட்டியிருந்தால் தட்டிவிட்டுப் படி.

போன முறை வந்தபோது சண்டை போட்டுக்கொண்டு போனாய். ஊரைக் காலி பண்ணு என்றாய், மாட்டேன் என்றேன், செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கிளம்பினாய். அந்தக் கோபம் எனக்கும் ஆறவில்லை. ஆனால் இப்போது எழுதுவது அதைப் பற்றி இல்லை.

நேற்று உன் அத்தான் செத்துப் பிழைத்தார்.

எங்கள் ஆம்புலன்ஸ் அறையில் வேலை எப்படி நடக்கும் என்று உனக்குத் தெரியும். போன் அடிக்கும், நான் எடுப்பேன். பதறுகிறவர்கள் முகவரி சொல்வதில்லை. "எங்க வீட்டுக்கு வாங்க, சீக்கிரம் வாங்க" என்பார்கள். எங்க வீடு என்றால் எது? அதற்குத்தான் அவர்கள் போன் இருக்கிற இடம் என் திரையில் ஒரு புள்ளியாக வரும். அந்தத் தெருப் பெயரை நான் ஒயர்லெஸ்ஸில் சொல்ல, உன் அத்தான் வண்டியை எடுப்பார். சண்டை தொடங்கியதிலிருந்து அந்தப் புள்ளி பொய் சொல்கிறது. ஆள் இருக்கிற இடத்துக்கு வடக்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. எவ்வளவு தூரம் என்றும் பிடிபடவில்லை. காலையில் இரண்டு தெரு, மாலையில் ஊரின் அந்தக் கோடி.

நேற்று நெஞ்சுவலி என்று ஒரு அம்மாவுக்காகக் கூப்பிட்டார்கள். புள்ளி ஆற்றங்கரையைக் காட்டியது. ஆற்றங்கரையில் இவர் வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தபோது மேலே ஏதோ வெடித்துச் சிதறி, வண்டியின் முன் கண்ணாடி சல்லிசல்லியாகப் போய்விட்டது. தலைமுடி பூராவும் கண்ணாடித் துகளோடு வந்து நின்றார். "இனிமே தலைக்கு எண்ணெய் வேண்டாம், இதுவே பளபளன்னு இருக்கு" என்று சிரிப்பு வேறு. சீப்பால் வாரி வாரி எடுத்தேன். அழுதுகொண்டேதான் எடுத்தேன். அந்த அம்மாவைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுபோனார்கள்.

செயற்கைக்கோள் பிரிவில் என் தம்பிக்கு வேலை என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். இந்தப் பொய்யைச் சொல்வது உன் கைதான் என்று எனக்குப் புரியாதா? ஏதாவது செய்யடா. நான் சொல்கிற இடத்துக்குத்தான் அவர் போகிறார். என் வாயாலேயே அவரைத் தப்பான இடத்துக்கு அனுப்புகிறேன். அவர் முழுசாக வீட்டுக்கு வர வேண்டும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

பதில் எழுதும்போது என்ன சாப்பிடுகிறாய் என்றும் எழுது.

அக்கா

*

ஜூன் 9

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்ததும் எரித்துவிட்டேன். நீயும் எரித்துவிடு.

அத்தானுக்குக் காயம் இல்லை என்பதில் நிம்மதி.

இதையெல்லாம் எழுதக் கூடாது. ஆனாலும் நீ புரிந்துகொள்ளாமல் என்னைத் திட்டிக்கொண்டே இருப்பாய் என்பதால் எழுதுகிறேன். விமானப்படையில் சேர்ந்து நான் இன்றுவரை ஒரு விமானத்தில் ஏறியதில்லை. ஜன்னல் இல்லாத ஒரு அறை, அதில் மூன்று மேஜைகள். முதல் மேஜையில் நெட்டை இருக்கிறான். எந்த விமானம் எப்போது மேலே போக வேண்டும் என்பது அவன் வேலை. மூன்றாவது மேஜையில் ஒரு பெண். எதிரியின் கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்து அவன் என்ன பேசுகிறான் என்று பார்ப்பாள், நம் கம்ப்யூட்டர்களை அவனிடமிருந்து பூட்டி வைப்பாள். டீ ஃபிளாஸ்க் அலமாரியைக்கூடப் பூட்டுவதால் அவளுக்குப் பூட்டு என்றே பெயர். நடு மேஜை என்னுடையது.

எதிரியின் ட்ரோனை ஓட்ட ஆள் கிடையாது. செயற்கைக்கோளிலிருந்து வருகிற சமிக்ஞையைக் கேட்டுத்தான் தான் எங்கே இருக்கிறோம் என்று அது தெரிந்துகொள்ளும். நான் அதைவிடச் சத்தமாக ஒரு பொய்ச் சமிக்ஞை கொடுக்கிறேன். நீ இன்னும் வடக்கே வந்துவிட்டாய் என்று சொல்கிறேன். அது நம்பிவிடும். தளம் வந்துவிட்டது என்று நினைத்து, தளத்துக்குத் தெற்கே இருக்கிற பொட்டலில் விழுந்துவிடும். வடக்கே ஊர் இருக்கிறது, அதனால் தெற்கே மட்டும்தான் தள்ள முடியும். உங்கள் போன்களும் அதே சமிக்ஞையைத்தான் கேட்கின்றன. ட்ரோனுக்கு மட்டும் தனியாகப் பொய் சொல்ல வழி இல்லை.

தூரத்தை மணிக்கு மணி மாற்ற வேண்டும் என்பது கட்டளை. மாற்றாவிட்டால் எதிரி கணக்குப் போட்டுவிடுவான். எங்கள் தலைமை அதிகாரி பெரியவரிடம் போய், அக்காவுக்குக் கஷ்டமாக இருக்கிறது, மாற்றாதீர்கள் என்று நான் கேட்க முடியுமா? சிரிப்பார். சிரித்துவிட்டு, உங்கள் அக்காவுக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்பார்.

ஊரை விட்டுப் போய்விடுங்கள். இரண்டு பேரும்.

தம்பி

*

ஜூன் 12

நீ என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டேன். எழுதவில்லை.

தையற்கடைக்காரரின் மகள் நேற்றுப் போய்விட்டாள். மூச்சிரைப்பு. வீட்டில் தனியாக இருந்திருக்கிறாள், அவளேதான் போன் பண்ணினாள். தெருப் பெயரைச் சொல்லத் தொடங்கினாள், மூச்சு இடம் கொடுக்கவில்லை. உன் அத்தானை அனுப்பிவிட்டு நான் அவளோடு பேசிக்கொண்டே இருந்தேன். வண்டி வருதும்மா, சத்தம் கேக்குதா பாரு என்று கேட்டேன். இல்லை என்றாள். இப்போ கேக்குதா என்றேன். இல்லை என்றாள். மூன்றாவது முறை கேட்டபோது அவள் எதுவும் சொல்லவில்லை. போனை வைக்க எனக்கு மனசு வரவில்லை. அந்த நேரத்தில் இவர் நாலு தெரு தள்ளி, ஒரு பூட்டிய கிடங்கின் முன்னால் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

வீட்டுக்கு வந்தும் உள்ளே வரவில்லை. வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தேன், தொடவில்லை. இந்த மனுஷன் ஜோக் அடிக்காமல் ஒரு வேளை இருந்து நீ பார்த்திருக்கிறாயா? எனக்குப் பயமாக இருக்கிறது. தேடி அலைகிற ஒவ்வொரு நிமிஷமும் அவர் வெட்டவெளியில் நிற்கிறார். இன்றைக்குக் கண்ணாடி போனது, நாளைக்கு எது போகும்?

நீங்கள் தளத்தைக் காப்பாற்றுகிறீர்கள். தளம் யாரைக் காப்பாற்றுகிறது என்று உன் பெரியவரிடம் கேட்டுச் சொல்.

காலி பண்ணு, காலி பண்ணு என்று கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்லாதே. நான் போய்விட்டால் போன் அடித்தால் யார் எடுப்பது?

அக்கா

*

ஜூன் 17

அக்கா,

இனி வரைபடம் பொய்தான் சொல்லும். ஆனால் ஒரே மாதிரிப் பொய் சொல்லும். கவனித்துப் பார்.

இதை எரித்துவிடு. மறக்காமல் எரித்துவிடு.

*

ஜூன் 28

என் தங்கமே,

நீ இரண்டு வரி எழுதினாலும் ஊருக்கே உயிர் வந்துவிட்டது. முதலில் எனக்குப் புரியவில்லை. இரண்டு நாள் வந்த போன்களையெல்லாம் கவனித்தேன். ஆள் எங்கே இருந்தார், புள்ளி எங்கே விழுந்தது என்று சுவர் வரைபடத்தில் குண்டூசி குத்திக்கொண்டே வந்தேன். எல்லாமே ஒரே அளவு, ஒரே பக்கம். தண்ணீர்த் தொட்டியில் இருப்பவர் மார்க்கெட்டில் தெரிகிறார், பள்ளிக்கூடத்தில் இருப்பவர் பாலத்தில் தெரிகிறார். என் ஒரு சாண். அவ்வளவுதான்!

நம் சாப்பாட்டு மேஜை மேல் விரித்திருப்போமே, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் விரிப்பு, ஓரம் முழுக்க நீலப் பூ போட்டது, அதைக் கழற்றிக்கொண்டு போனேன். சுவர் வரைபடத்தின் மேல் வைத்து, தெருவையெல்லாம் அழியாத மையால் அப்படியே வரைந்தேன். பிறகு விரிப்பை ஒரு சாண் வடக்கே தள்ளி டேப் போட்டு ஒட்டிவிட்டேன். இப்போது திரையில் புள்ளி எங்கே விழுகிறதோ அந்த இடத்தைச் சுவரில் தொட்டால் போதும். என் விரலுக்கு அடியில் விரிப்பில் என்ன தெரு எழுதியிருக்கிறதோ, ஆள் அங்கே இருக்கிறார். உன் அத்தான் அதைப் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷமா அந்த விரிப்புல குழம்பு கொட்டினதுக்குத் திட்டு வாங்கினேன், இனிமே ஊருக்குப் புண்ணியம்னு சொல்லிக்கலாம்" என்கிறார். ஜோக் திரும்பி வந்துவிட்டது பார்.

நேற்று வந்த எல்லாப் போனுக்கும் வண்டி நேராக வீட்டு வாசலில் போய் நின்றது. ஒரு பெரியவருக்கு உயிர் தப்பியது. ஒரு குழந்தை வண்டியிலேயே பிறந்தது. இவர் மாலையில் நேரத்துக்கு வீட்டுக்கு வந்து, காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து, டீ சூடாக இல்லை என்று குறை சொன்னார். அந்தக் குறையைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

நீ என்ன செய்தாய், எப்படிச் செய்தாய் என்று கேட்க மாட்டேன். உன் கை நன்றாக இருக்கட்டும். மேஜைதான் மொட்டையாக இருக்கிறது.

அக்கா

*

ஜூலை 3

அக்கா,

மூன்று தடவை படித்தேன். எரிக்க மனசு இல்லாமல் எரித்தேன்.

தூரத்தை மணிக்கு மணி மாற்றியதாகப் பதிவில் எழுதுகிறேன். எண்ணைத் தொடுவதில்லை. இப்படிச் சொல்லும்போது சின்ன வேலை மாதிரி இருக்கிறது. எழுதியதை ஒவ்வொரு மணிக்கும் நாலு தடவை சரிபார்க்கிறேன். நெட்டை, "என்னடா, தேர்வு எழுதப் போறவன் மாதிரி உட்கார்ந்திருக்கே" என்று கேட்கிறான். அவனுக்குப் போன மாதம் பெண் பிறந்திருக்கிறது. போட்டோ வைத்துக்கொள்ள போன் இல்லாததால் குழந்தை முகத்தைப் பேனாவால் வரைந்து மேஜையில் ஒட்டியிருக்கிறான். பார்த்தால் உருளைக்கிழங்கு மாதிரி இருக்கிறது. சொல்ல முடியுமா?

ட்ரோன்கள் தினமும் வருகின்றன. எல்லாம் மதிலுக்குத் தெற்கே, பொட்டலின் இந்த ஓரத்திலேயே விழுகின்றன. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனால் கொஞ்சம் தைரியம் வருகிறது.

ஒன்றே ஒன்று. அந்த விரிப்பை உங்கள் அறைக்கு வெளியே யாரிடமும் காட்டாதே.

சாப்பாடு: ரொட்டி, பருப்பு, ரொட்டி.

தம்பி

*

ஜூலை 6

தம்பி,

காட்டாதே என்று எழுதியிருக்கிறாய். நீ எழுதுவதற்கு முன்பே காட்டியாயிற்று. முறைக்காதே.

பக்கத்து நிலையத்து டிரைவர் வந்திருந்தார், குள்ளமாக, மீசையும் அவருமாக ஒருவர் இருப்பாரே, அவர்தான். விரிப்பைப் பார்த்துவிட்டு, "அக்கா, எங்க ஆளுங்களும் இப்படித்தான் திண்டாடுறாங்க, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா" என்று கேட்டார். நான் எப்படி வேண்டாம் என்பேன்? அங்கேயும் ஒரு தையற்கடைக்காரர் மகள் இருக்க மாட்டாளா? எடுத்துக்கொண்டார். டிரைவர்கள் எல்லோரும் இருக்கிற போன் குரூப்பில் போட்டிருக்கிறார். நாற்பது பேர் கைகூப்பிக் கும்பிட்டார்கள் என்று காட்டினார். பெருமையாகத்தான் இருந்தது.

அதில் எதிரி யார் இருக்கிறான்? எல்லாம் நம் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்கள்தான். நீ சின்ன வயதிலிருந்தே எல்லாவற்றுக்கும் பயப்படுவாய். உன் அத்தான் நேரத்துக்கு வீட்டுக்கு வருகிறார். அது போதும் எனக்கு.

ஜாம் பாட்டில் அனுப்பியிருக்கிறேன். ரொட்டி, பருப்பு, ரொட்டி என்று எழுதினால் மனசு கேட்குமா?

அக்கா

*

ஜூலை 11, காலை

அக்கா,

நான் உயிரோடு இருக்கிறேன். முதலில் அது.

நேற்று மாலை வந்த எட்டு ட்ரோன்களில் ஒன்றுகூடப் பொட்டலில் விழவில்லை. எல்லாம் தளத்துக்குள் விழுந்தன. எரிபொருள் கிடங்கும் சாப்பாட்டு அறையும் போய்விட்டன. நெட்டை டீ எடுத்து வரப் போயிருந்தான். எனக்காகவும் சேர்த்து எடுத்து வரப் போயிருந்தான். அந்த உருளைக்கிழங்குப் படம் இன்னும் மேஜையில் ஒட்டியிருக்கிறது. அதைப் பார்க்காமல் இருக்கக் கழுத்தைத் திருப்பியே உட்கார்ந்திருக்கிறேன்.

இப்போதுதான் பூட்டு எங்களைக் கூப்பிட்டு ஒரு படத்தைக் காட்டினாள். எதிரியின் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்ததாம். அவர்கள் ஏதோ ஒரு போன் குரூப்புக்குள் புகுந்து எடுத்து வைத்திருக்கிறார்களாம். ஒரு சுவர், ஒரு வரைபடம், அதன் மேல் நகர்த்தி ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. ஓரத்தில் நீலப் பூ. எத்தனை வடக்கே என்று அளந்து, அத்தனை வடக்கே குறி வைத்திருக்கிறார்கள். நான் தெற்கே தள்ளினேன், அது சரியாகத் தளத்தில் வந்து விழுந்தது. "எங்க வீட்லகூட இதே விரிப்பு இருந்துச்சு" என்றாள் பூட்டு.

உன்னைக் குறை சொல்லவில்லை. எண்ணை மாற்றாமல் வைத்தது என் கை. நீ போட்டோ எடுக்க விட்டாய், நான் எடுக்க ஒன்று கொடுத்தேன்.

இப்போது கவனமாகப் படி. விரிப்பை உடனே கிழித்து எறி. இன்று மதியத்துக்குள் தூரத்தை மாற்ற உத்தரவு. எதிரி குறியை வடக்கே நகர்த்திவிட்டான், அதனால் இப்போது மூன்று மடங்கு தள்ளினால்தான் தளமும் தப்பும், ஊரும் தப்பும். மதியத்திலிருந்து உன் விரிப்பு காட்டுகிற இடம் தவறு. அதை நம்பி அத்தானை எங்கேயும் அனுப்பாதே.

பெரியவர் அறையில் வெளியே பேசுகிற போன் ஒன்று இருக்கிறது. உங்கள் அறைக்கு ஒரு வார்த்தை சொல்லலாம் என்று கதவு வரை போனேன். கதவைத் தட்டினால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். ரொட்டிக்காரர் பத்து மணிக்கு வந்துவிடுவார், அதற்குள் உன் கைக்குப் போய்விடும் என்று திரும்பி வந்துவிட்டேன்.

விரிப்பைக் கிழித்துவிடு.

தம்பி

ஜூலை 13: ரொட்டி வண்டியை இன்றும் உள்ளே விடவில்லை. நேற்று முன்தினம் எழுதியது இன்னும் என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. மாற்றச் சொன்னதை மாற்றிவிட்டேன். அக்கா, நீயாகவே கண்டுபிடித்திருப்பாய். இரண்டு நாள் குண்டூசி குத்திக் கண்டுபிடித்தவள்தானே நீ?

*

ஜூலை 11, மதியம்

அடேய்,

உயிரோடு இருக்கிறாயா? ஒரு வரி எழுது. வெறும் பெயராவது எழுது. நேற்று உங்கள் பக்கம் எரிந்த வெளிச்சம் எங்கள் அறைக்குள் வரை அடித்தது. எங்கள் வண்டிகள் எல்லாம் அங்கேதான் போய் வந்தன. உன் அத்தான் நாலு முறை போனார். ஒவ்வொரு முறையும் ஸ்ட்ரெச்சரில் இருக்கிற முகத்தைப் பார்த்துவிட்டு ஒயர்லெஸ்ஸில், "அவன் இல்லை" என்று சொன்னார். நாலு முறையும் நான் அந்த இரண்டு வார்த்தைக்காகவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ரொட்டிக்காரரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்களாம். எப்போது விடுகிறார்களோ அப்போது கொடுக்கட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

இவர் இன்னும் சாப்பிடவில்லை. தட்டில் போட்டு

போன் வந்தது, எடுத்துவிட்டு வந்தேன். ஒரு பெண் குரல். ரத்தம் ரத்தம் என்கிறாள், அதற்கு மேல் ஒன்றும் புரியவில்லை, லைன் கட்டாகிவிட்டது. புள்ளி உங்கள் மதிலுக்குத் தெற்கே விழுந்தது. விரிப்பின்படி பார்த்தால் நடுப்பொட்டல். அங்கே ஒரு வீடுகூடக் கிடையாது. எனக்கு என்னவோ போல இருந்தது. இவர்தான் சாவியை எடுத்துக்கொண்டார். "ட்ரோன் விழுறது மதில் ஓரத்துல. நடுப்பொட்டல்ல என்ன இருக்கு? ஆடு மேய்க்கிறவங்க யாராவது இருப்பாங்க. கூப்பிட்டிருக்காங்கல்ல" என்றார். தட்டை மூடி வை, வந்து சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

பொட்டலில் தேடியும் யாரும் இல்லை என்று இப்போது ஒயர்லெஸ்ஸில் சொல்கிறார். இன்னும் கொஞ்சம் பாருங்கள் என்று சொன்னேன். அவர் வந்ததும் மீதியை

*

ஜூலை 16

அக்கா,

உன்னுடைய பாதிக் கடிதம் நேற்று வந்தது. அதற்கு முந்தைய நாளே எனக்குச் சேதி தெரியும். பொட்டலில் விழுந்தவற்றைக் கணக்கெடுக்கப் போனவர்கள் ஒரு ஆம்புலன்ஸ் கிடந்ததாக எழுதியிருந்தார்கள். டிரைவர் பெயரைப் பூட்டுதான் சத்தமாகப் படித்தாள்.

நான் தள்ளிய தூரம் அதுதான், அக்கா. மூன்று மடங்கு தள்ளினால் ட்ரோன்கள் மதில் ஓரத்தில் விழாது, நடுப்பொட்டலில் விழும். ஒரு உயிரும் இல்லாத இடம் என்று வரைபடத்தில் நானே தேர்ந்தெடுத்தேன். உன்னைக் கூப்பிட்ட பெண் தெற்கே வெகு தூரத்தில், செங்கல் சூளைக்காரர்களின் குடியிருப்பில் இருந்திருக்கிறாள். பழைய கணக்கில் பார்த்தால் அவள் நடுப்பொட்டலில்தான் தெரிவாள். உன் விரிப்பு அத்தானை அனுப்பிய இடமும் நான் ட்ரோன்களை அனுப்பிய இடமும் ஒன்று.

இதை எழுதாமல் விட்டிருக்கலாம். நீயாகவே கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பாய் என்று தெரியும். அதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும்.

அந்த 11-ஆம் தேதி காலை பெரியவரின் கதவைத் தட்டவில்லை. நேற்றுத் தட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணை மாற்றாமல் விட்டது, ரொட்டிக் கூடை, நீலப் பூ, எல்லாம். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "நெட்டையோட பொண்ணுக்கு எத்தனை மாசம்" என்று கேட்டார். சொன்னேன். பிறகு, ஆம்புலன்ஸ் அறையின் போன் நம்பர் என்ன என்று கேட்டார். மனப்பாடமாகச் சொன்னேன். அந்த நம்பர் எனக்கு எப்போதுமே மனப்பாடம்.

இப்போது வேறொரு அறையில் இருக்கிறேன். இதற்கும் ஜன்னல் இல்லை. இந்தக் காகிதத்தைப் பூட்டுதான் கொடுத்தாள். அவள்தான் உன்னிடம் கொண்டுவருவாள்.

அத்தான் என் முகத்தைத் தேடி நாலு முறை தளத்துக்கு வந்திருக்கிறார். நான் உள்ளேதான் இருந்தேன்.

மன்னித்துவிடு என்று எழுதி, அடித்துவிட்டேன். அதைக் கேட்க எனக்கு வாய் இல்லை.

தம்பி

*

ஜூலை 25

தம்பிக்கு,

உன் இரண்டு கடிதமும் வந்தன. கிழித்து எறி என்று எழுதிய கடிதத்தை ரொட்டிக்காரர் 14-ஆம் தேதி கொடுத்துவிட்டு, நான் பாதியில் விட்டதை எடுத்துக்கொண்டு போனார். வீட்டில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நடுவில் நின்று படித்தேன். என்ன எழுதியிருக்கிறான், நல்லா இருக்கானா என்று எல்லோரும் கேட்டார்கள். நல்லா இருக்கான் என்றேன்.

பொட்டலில் யாரும் இல்லை என்று அவர் சொன்னார். இன்னும் கொஞ்சம் பாருங்கள் என்று சொன்னது நான். நீ எழுதிய எல்லாவற்றையும்விட அதுதான் என்னைக் கொல்கிறது. நீ ட்ரோனை அங்கே தள்ளினாய், நான் அவரை அங்கேயே நிறுத்தி வைத்தேன். செங்கல் சூளைப் பெண் பிழைத்துக்கொண்டாள். காலில் அரிவாள் பட்டதாம், யாரோ துணியால் கட்டி மாட்டு வண்டியில் கொண்டுபோயிருக்கிறார்கள். அவள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. அவள் என்ன செய்வாள், பாவம்.

பூட்டு 18-ஆம் தேதி வந்தாள். கடிதம் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தேன். ஒரு பெட்டியும் ஒரு போனுமாக வந்திருக்கிறாள். எங்கள் அறையிலேயே இருக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்களாம். உன் அத்தானின் ஸ்டூலில்தான் உட்கார்ந்திருக்கிறாள், வேறு ஸ்டூல் இல்லை. உங்கள் தளத்தில் தூரத்தை மாற்றுவதற்கு முன்னால் அந்தப் போன் அடிக்கிறது. அவள் கேட்டுக்கொண்டு என்னிடம், "இனிமே இவ்வளவு, இந்தப் பக்கம்" என்கிறாள். எங்கேயும் எழுதுவதில்லை, காட்டுவதில்லை. அடுத்து வருகிற புள்ளியை நான் அத்தனை தள்ளிப் படிக்கிறேன். முதல் நாளே வண்டி நேராக வீட்டு வாசலில் போய் நின்றது. ஆள் பிழைத்துவிட்டார்.

ஒரு போன். ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

அன்று முழுக்க அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இத்தனைதானா, இத்தனைதானா என்று மனசு அடித்துக்கொண்டது. பெரியவர் சிரிப்பார் என்று நீ கேட்கவில்லை. உன்னால் முடியாது என்று நீ சொன்னதும் நானும் வேறு யாரிடமும் கேட்கவில்லை. உங்கள் வாசல் இங்கிருந்து பஸ்ஸில் போய் வருகிற தூரம். ஒரு நாள் போய் நின்று, உங்க பெரியவரைக் கூப்பிடுங்க, நான் ஆம்புலன்ஸ் அறையிலிருந்து வந்திருக்கேன் என்று கத்தியிருக்கலாம். நான்தான் ஊரில் வாயாடி என்று பெயர் எடுத்தவள். எல்லாரோடும் சண்டை போட்டேன், போட வேண்டிய இடத்தில் போடவில்லை. மாவு ஒட்டிய காகிதத்தில் உன்னிடம் அழுதுகொண்டிருந்தேன்.

விரிப்பைக் கிழிக்க முடியவில்லை. கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவினேன். அழியாத மை, போகவில்லை. மேஜை மொட்டையாக இருக்கிறதே என்று திரும்ப விரித்தேன். பொட்டல் வருகிற மூலை அவர் உட்காருகிற பக்கம் அமைந்துவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை. பூட்டு சாப்பிட வந்தபோது அங்கே தட்டு வைக்கப் போனாள், இந்தப் பக்கம் வைம்மா என்றேன். நீலப் பூவைத் தடவிப் பார்த்துவிட்டு அழுதாள். நான் அழவில்லை. அவர் மூடி வைக்கச் சொன்ன தட்டை இரண்டு நாள் கழித்து நான்தான் கழுவினேன், அப்போதே அழுது முடித்துவிட்டேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. என்னை நானே விட முடியாதபோது உன்னை எப்படி விடுவேன்? ஆனால் உன்னைப் பார்க்க எப்போது விடுவார்கள் என்று பூட்டிடம் தினமும் கேட்கிறேன். அது ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.

ரொட்டி மட்டும்தான் தருகிறார்களா? ஜாம் பாட்டிலை அந்த அறைக்குள் விட

போன் அடிக்கிறது. எடுக்க வேண்டும்.